கரையிலிருந்து நாரை வரை

பௌர்ணமி மாலையில் நிலா எழும்போது செல்போனை எடுத்து ஒரு படம் எடுக்காதவர்கள் குறைவு. கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த நிலா படத்தில் வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிக் கிடக்கும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் பொட்டு பெரிதாகுமே தவிர நிலா வராது. 50 மெகாபிக்சல், 200 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அதெல்லாம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மிரர்லெஸ் கேமராவுக்கு எந்த டெலி ஜூம் லென்ஸ் வாங்குவது என்ற கேள்விக்கும் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

நூற்றுப்பத்தில் ஒரு பங்கு

நிலாவின் குறுக்களவு ஏறத்தாழ 3,474 கிலோமீட்டர். அது இருக்கும் தூரம் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். அதாவது தூரத்தில் 110இல் ஒரு பங்குதான் நிலாவின் அகலம். லென்ஸ் செய்யும் வேலை எளியது. வெளியே பொருளுக்கும் தூரத்துக்கும் என்ன விகிதமோ, அதே விகிதத்தில் உள்ளே படத்தை விழவைக்கும். உள்ளே தூரம் என்பது லென்ஸின் குவியத் தூரம். தொலைவிலிருந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு தள்ளி ஒரு புள்ளியில் குவிக்கிறதோ, அந்த நீளம். லென்ஸின் மேல் 300 மி.மீ., 400 மி.மீ. என்று பொறித்திருப்பது இதைத்தான்.

செல்போனின் முதன்மைக் கேமராவுக்கு உண்மையான குவியத் தூரம் 6 அல்லது 7 மி.மீ. தான். அதில் 110இல் ஒரு பங்கு என்றால் நிலா விழும் இடம் ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான். மெகாபிக்சலை எவ்வளவு கூட்டினாலும் அந்த முடியளவு இடத்துக்குள் சில பத்துப் புள்ளிகளே அடங்கும். கையில் பிடித்திருக்கும் திரையில் அந்த நிலா ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண்ணுக்குத் தெரிந்த நிலாவைவிட அது நான்கில் ஒரு பங்கு. சில போன்களில் மென்பொருள், இது நிலா என்று கண்டுகொண்டு, தான் கற்றுவைத்திருக்கும் கறைகளைத் தானே தெளிவாக்கிக் காட்டிவிடும். ஏரியில் நிற்கும் நாரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏரிக்கே போய்விடுவோம். கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிக்குப் பக்கத்தில் கீழச்செருவாயில் வெலிங்டன் நீர்த்தேக்கம் இருக்கிறது. 1913இல் தொடங்கி 1923இல் கட்டி முடித்தது. வெள்ளாற்றுத் தண்ணீரைத் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பி, வாய்க்கால் வழியே இங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண்கரை. அதன் மேல் நின்று ஒரு சாம்பல் நாரையைப் படமெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தை நீட்டி நின்றால் நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். நம்மிடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கிறது.

தூரத்தில் 100இல் ஒரு பங்கு உயரம். ஆகவே 300 மி.மீ. லென்ஸில் நாரையின் படம் 3 மி.மீ. உயரம் விழும். 400 மி.மீ. லென்ஸில் 4. 600 மி.மீ. லென்ஸில் 6. காகிதமும் பேனாவும்கூட வேண்டாம். நாரை 50 மீட்டருக்கு வந்துவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். சிறு மீன்கொத்தியின் கதையும் இதேதான். அலகு நுனியிலிருந்து வால்வரை அது 16 செ.மீ.தான். 20 மீட்டரில் ஒரு கழியின் மேல் வந்து உட்கார்ந்தால் 300 மி.மீ. லென்ஸில் இரண்டரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக விழும். 100 மீட்டரில் நிற்கும் நாரையும் 20 மீட்டரில் உட்காரும் மீன்கொத்தியும் லென்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒரே சோதனைதான்.

கடைக்குப் போகும் முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது இந்த மில்லிமீட்டரை. உங்கள் பறவை எது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கும், படம் விழும் சென்சாரின் மேல் எத்தனை மில்லிமீட்டர் விழ வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லென்ஸை வாங்கிவிட்டு அதற்கேற்ற பறவையைத் தேடுகிறார்கள்.

ஜூம் என்றால் நெருக்கமா?

பேச்சு வழக்கில் ‘நல்லா ஜூம் ஆகுமா?’ என்று கேட்கிறோம். ஜூம் லென்ஸில் இரண்டு எண்கள் இருக்கும். 100-400 என்றால் 100 முதல் 400 மி.மீ. வரை குவியத் தூரத்தை மாற்றலாம். நான்கு மடங்கு ஜூம். 18-200 என்பது பதினோரு மடங்குக்கு மேல். ஆனால் நாரை 100-400இல் 4 மி.மீ., 18-200இல் 2 மி.மீ. மடங்கு அதிகமான லென்ஸில்தான் பறவை பாதியாகிவிட்டது. மடங்கு என்பது எங்கிருந்து எங்கே வரை நீளும் என்பதன் கணக்கு. நெருக்கத்தைத் தீர்மானிப்பது பெரிய எண் மட்டுமே.

அப்படியானால் சிறிய எண்ணால் பயனில்லையா? உண்டு. நாரை பறந்து தலைக்கு மேலே வந்துவிட்டால் 200-600இன் சிறிய முனைகூட இறக்கையை வெட்டிவிடும். 600இல் பார்க்கும்போது கேமராவுக்குள் தெரியும் வானம் மிகக் குறுகியது, 3 பாகைக்குச் சற்றே கூடுதல். அதற்குள் பறக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பது கடினம். ஜூமைக் குறைத்துப் பறவையைக் கண்டுகொண்டு பிறகு நீட்டுவதுதான் பழகியவர்களின் வழி.

சென்சார் சிறிதானால் லென்ஸ் நீளுமா?

மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் இரண்டு மூன்று அளவுகளில் வருகிறது. ஃபுல் ஃப்ரேம் என்பது பழைய பிலிம் அளவு, 24 மி.மீ. உயரம். ஏ.பி.எஸ்.-சி சற்றுச் சிறியது, ஏறத்தாழ 15.6 மி.மீ. அதைவிடச் சிறியது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 13 மி.மீ. ஏ.பி.எஸ்.-சியில் 300 மி.மீ. லென்ஸ் 450 ஆகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஆகாது. நாரை எந்த கேமராவிலும் அதே 3 மி.மீ.தான். சுற்றியிருக்கும் தண்ணீரும் கோரையும் வெட்டுப்பட்டுப் போவதால் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் கடைக்காரர் சொல்வதில் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. பறவையின் மேல் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று பாருங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. உயரத்துக்கு 4,000 புள்ளிகள். நாரையின் 3 மி.மீ.க்கு 500. அதே 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சியில் 4,000 புள்ளிகளும் 15.6 மி.மீ.க்குள் நெருங்கியிருக்கின்றன. நாரைக்கு 770 கிடைக்கும். 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 900.

வாட்ஸ்ஆப்பில் அனுப்ப 500 தாராளம். நாரையின் மார்பில் தொங்கும் மெல்லிய இறகுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் 1,000 வேண்டும். ஒரு பத்திரிகைப் பக்கத்தின் பாதி உயரத்துக்குப் பறவையை அச்சிட 1,500 இருந்தால் நிம்மதி. இப்போது கணக்கு கைக்கு வந்துவிட்டது. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 100 மீட்டர் நாரைக்கு ஆயிரத்துச் சொச்சம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அதே ஆயிரத்தை எட்ட 600 மி.மீ. வேண்டும்.

கேமரா இளைத்தது, லென்ஸ் இளைக்கவில்லை

எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு சாய்வுக் கண்ணாடி இருந்தது. லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் எடுக்கும் நொடியில் படக்கென்று மேலே எழும். அதற்கு இடம் வேண்டியிருந்ததால் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. விட்டிருந்தார்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு மிரர்லெஸ் வந்ததும் அந்த இடைவெளி கேனானில் 20, நிக்கானில் 16 ஆகச் சுருங்கியது. கேமரா மெலிந்தது. அகலக் காட்சி லென்ஸ்கள் சிலவும் மெலிந்தன.

டெலி லென்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. காரணம் கேமராவில் இல்லை, லென்ஸின் வாயில் இருக்கிறது. லென்ஸின் மேல் குவியத் தூரத்தோடு இன்னொரு எண் பொறித்திருக்கும்: எஃப் 5.6, எஃப் 6.3, எஃப் 8. குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் அகலம் கிடைக்கும். 600ஐ 6.3ஆல் வகுங்கள். 95 மி.மீ. சோனியின் 200-600, நிக்கானின் 180-600 இரண்டுக்கும் முகப்பில் மாட்டும் வடிகட்டியின் அளவைப் பாருங்கள். இரண்டும் 95 மி.மீ.தான். ஒளி நுழையும் துளை எவ்வளவோ, முன்கண்ணாடி அதற்குக் குறையவே முடியாது. கேமரா தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கினாலும் இது சுருங்காது.

இந்த எண்ணைக் கடைகளில் வேகம் என்று சொல்கிறார்கள். எண் சிறிதானால் ஒளி அதிகம். எஃப் 5.6ஐவிட எஃப் 8 பாதி ஒளியை உள்ளே விடும். எஃப் 4 இருமடங்கு விடும். எஃப் 4 உள்ள 600 மி.மீ. லென்ஸின் துளை 150 மி.மீ., சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில் பாதிக்கு மேல். சோனி செய்யும் அந்த லென்ஸ் மூன்று கிலோவுக்கு மேல். விலை ஒரு சிறிய காரின் பக்கம் போய்விடும்.

இந்த இடத்தில் மிரர்லெஸ் நமக்கு உண்மையான ஒரு நன்மை செய்திருக்கிறது. பழைய எஸ்.எல்.ஆரில் குவியம் பார்ப்பதற்கென்று தனியாக ஓர் உறுப்பு இருந்தது. எஃப் 5.6, மிஞ்சிப் போனால் எஃப் 8 வரைதான் அது வேலை செய்யும். மிரர்லெஸ்ஸில் சென்சாரே குவியத்தையும் அளக்கிறது. துளை சிறிதானாலும் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. அந்தத் துணிவில்தான் கேனான் 400 மி.மீ. முனையில் எஃப் 8 உள்ள 100-400ஐயும், 800 மி.மீ. முனையில் எஃப் 9 உள்ள 200-800ஐயும் கொண்டுவந்தது. முன்னது வெறும் 635 கிராம். பத்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு லென்ஸைச் செய்திருந்தால் அதைக் குவிக்கப் பெரும்பாலான கேமராக்கள் தடுமாறியிருக்கும்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது

அந்த 635 கிராம் லென்ஸ் சுருங்கிய நிலையில் 165 மி.மீ. நீளம்தான். குவியத் தூரம் 400 மி.மீ. என்றால் குழாயும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டாமா? முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்றே விரிக்கும் தொகுதி என்று அமைத்தால் குழாய் குறுகும், குவியத் தூரம் நீளும். 1891இல் லண்டனில் தாமஸ் டால்மேயர் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை கேட்டார். ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேவும் அதே ஆண்டில் இதே வழிக்கு வந்து சேர்ந்திருந்தார். டெலிபோட்டோ என்ற சொல் கண்டிப்பாகப் பார்த்தால் இந்தக் குறுக்கல் வித்தைக்குத்தான்.

விலையின் பெரும்பகுதி வேறோர் இடத்தில் செலவாகிறது. சாதாரணக் கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் ஒரே புள்ளியில் குவிக்காது. குவியத் தூரம் நீள நீள இந்தப் பிளவும் நீளும். நாரையின் வெள்ளைக் கழுத்தைச் சுற்றி ஊதா விளிம்பு தெரிவது இதனால்தான். நிறங்களை அதிகம் பிரிக்காத தனிவகைக் கண்ணாடியும் ஃப்ளோரைட் படிகமும் இதற்கு மருந்து. ஃப்ளோரைட்டைச் செயற்கையாக வளர்த்து, 1969இல் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றில் வைத்து விற்றது கேனான்.

திட்டக்குடிக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சூளையை எரிப்பதைவிட ஆறவிடுவது கடினம். அவசரப்பட்டால் விரிசல் விழும். ஒளியியல் கண்ணாடியில் விரிசல் விழாவிட்டாலும், சீராக ஆறாத கட்டிக்குள் இறுக்கம் தங்கி ஒளியை இடத்துக்கு இடம் வேறுவிதமாக வளைத்துவிடும். அதனால் மிக மெதுவாக ஆற வைக்கிறார்கள். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சேர்த்தே நம் நாட்டில் ஓர் ஆய்வுக்கூடம், 1950இல் கொல்கத்தாவில் தொடங்கியது. ஒளியியல் கண்ணாடியை இந்தியாவில் உருவாக்கிக் காட்டியது அதுதான்.

கை தாங்குமா?

சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். நிக்கான் 180-600 ஏறக்குறைய இரண்டு. கேமராவையும் சேர்த்தால் இரண்டரை, மூன்று. விடியலில் நான்கு கிலோமீட்டர் கரையை நடந்துபோகிறவருக்கு இந்த எடை ஒரு சிறிய விஷயமில்லை. வாங்கிய மூன்றாம் மாதம் அலமாரியில் தூங்கும் 600கள் நிறைய. முதலில் எடையைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஏ.பி.எஸ்.-சிக்கென்றே செய்த சோனி 70-350 வெறும் 625 கிராம், ஃபியூஜிஃபில்ம் 70-300 580 கிராம். இவை தோளில் இருப்பதே தெரியாது.

மா. கிருஷ்ணனை இங்கே நினைத்துக்கொள்வது நியாயம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர். ஒரு கேமராவின் உடலில் இன்னொன்றின் டெலி லென்ஸைப் பொருத்தி, மீதியைத் தானே செய்து சேர்த்து, அந்தக் கனத்த கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். அதில் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகள் இன்றும் பார்க்கத் தக்கவை. தானாகக் குவியம் பார்ப்பதும், நடுக்கத்தை அடக்குவதும் அவருக்குக் கிடையாது.

நடுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 600 மி.மீ.யில் நாரை பெரிதாகும்போது நம் கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியை நகர்த்தியோ, சென்சாரையே நகர்த்தியோ இதை ஈடுசெய்கிறார்கள். நீண்ட லென்ஸுக்கு லென்ஸுக்குள் இருக்கும் ஏற்பாடே மேல். அசையாமல் நிற்கும் நாரைக்கு இது பெரிய உதவி. பறக்கும் நாரைக்கு உதவாது, அங்கே நொடியில் 2,000இல் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடித்தாக வேண்டும். அதற்கு ஒளி வேண்டும். விடியலில் அந்த 95 மி.மீ. வாய்க்கும் கேனான் 100-400இன் 50 மி.மீ. வாய்க்கும் வேறுபாடு தெரிவது அப்போதுதான். நுழையும் ஒளி ஏறக்குறைய மூன்றரை மடங்கு. மேலே சொன்ன கணக்கில் ஏ.பி.எஸ்.-சியில் 400ம் ஃபுல் ஃப்ரேமில் 600ம் ஒரே ஆயிரம் புள்ளிகளைத் தந்தன. ஆனால் சூரியன் வரும் முன் அந்த ஆயிரம் புள்ளிகளில் எது புள்ளி புள்ளியாக இரைச்சலோடு தெரியும், எது துலக்கமாக இருக்கும் என்பதை இந்த மூன்றரை மடங்கு முடிவு செய்யும்.

கானல்

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாத ஒன்று பாக்கியிருக்கிறது. ஏப்ரல் பகல் பத்து மணிக்கு மேல் கரையின் மேல் நின்று 600 மி.மீ. வழியே பாருங்கள். நாரையின் கால்கள் நெளியும். சுடுமண்ணிலிருந்து எழும் காற்றும் மேலிருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி இடம் மாறி இடம் மாறி வளைகிறது. லென்ஸ் நாரையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் பெரிதாக்குகிறது. லட்சங்களைக் கொட்டி வாங்கிய லென்ஸை, ‘ஷார்ப்பா இல்ல’ என்று குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் குறை சொல்வது வெயிலைத்தான்.

வெலிங்டன் போன்ற ஏரிகளில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரையோரம்தான் ஆழம். ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் நாரை நிற்கக்கூடிய முழங்கால் தண்ணீர் எதிர்ப்பக்கம் எங்கோ இருக்கும். கரைக்கு அருகில் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் கிடைக்கும். தண்ணீர் வடிய வடிய ஆழமில்லாத விளிம்பு கரையை நோக்கி வரும், நாரைகளும் வரும். அப்போது கோடை தொடங்கியிருக்கும், கானலும் வந்துவிடும். சூரியன் கிளம்பிய முதல் இரண்டு மணி நேரமே நாரை அருகில் இருந்து, கானலும் எழாத வேளை.

தூரத்தைப் பாதியாக்கினால் 300 மி.மீ. 600இன் வேலையைச் செய்யும். நடுவில் இருக்கும் காற்றும் பாதியாகும். எழுந்து நிற்கும் மனிதனைக் கண்டால் எழும்பிப் பறக்கும் பறவை, நிறுத்திய காருக்குள் இருப்பவரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கரைச்சரிவில் ஓசைப்படாமல் உட்கார்ந்து காத்திருந்தால் அதுவாகவே நெருங்கி வரும். கூடு கட்டியிருக்கும் பறவையிடம் மட்டும் இந்த நெருக்கம் கூடாது. பெற்றோர் பறந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலில் தனித்துவிடும். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இறங்கும் அரியலூர் மாவட்டம் கரைவெட்டியிலும் இதே எச்சரிக்கைதான். பறவையை எழுப்பாமல் எடுப்பதற்குத்தான் நீண்ட லென்ஸ்.

என் தேர்வு

ஏ.பி.எஸ்.-சி கேமரா கையில் இருந்து, கரையில் நடந்து எடுக்கிறவராக இருந்தால் 350 அல்லது 400 மி.மீ. வரை போகும் இலகுவான ஜூமை வாங்குங்கள். ஒரு பருவம் முழுக்க அதில் எடுத்துவிட்டு, எத்தனை படங்களில் பறவை 700 புள்ளிக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் 600க்குக் காசு சேர்க்கலாம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவருக்கு 400இல் நாரை 670 புள்ளிதான் என்பதால் நான் நேரே 600ஐத்தான் சொல்வேன். எடையை வண்டி சுமக்கட்டும். ஸ்டாண்டு போட்ட பைக்கின் சீட்டில் உமியோ பயறோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் பல ஆயிரம் ரூபாய் முக்காலியைவிட உறுதியாக நிற்கும்.

நடுவில் பொருத்தும் 1.4 மடங்கு நீட்டிக்குக் கடையில் ஆசைகாட்டுவார்கள். 400ஐ 560 ஆக்கும், ஒளியைப் பாதியாக்கும். எஃப் 8 லென்ஸில் இதை மாட்டினால் எஃப் 11. வெயில் ஏறிய பிறகே பயன்படும், அப்போது கானலும் ஏறியிருக்கும். இந்த ஏரிக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம்.

சென்னையில் லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். இரண்டு விடியலுக்கு எடுத்துவந்து கரையில் நின்று பார்த்துவிடுவது நல்லது. பழைய லென்ஸ் வாங்குவதிலும் தவறில்லை. பின்மூடியைக் கழற்றி ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து மறுமுனை வழியே சாய்வாகப் பாருங்கள். உள்ளே மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். நம் கடலூர் மாவட்டத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் புதிய லென்ஸுக்கும் அது வரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், பொட்டலத்தின் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். தோல்பையிலும் துணிப்பையிலும் மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள்.